பேசாத போர்டும் பிதற்றும் போர்டும்

“சார், மூணாவது போர்டும் போச்சு சார்.”

மாலை ஐந்து மணி. ஆய்வுக்கூடத்தைப் பூட்டும் நேரம். இளநிலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் வாசலில் நின்றிருந்தார். அவர் கையிலிருந்த டப்பாவில் பெரிய தபால்தலை அளவே உள்ள மூன்று மின்னணுப் பலகைகள் கிடந்தன. சூடான நீர் ஆறும் வேகத்தைத் தானாகவே பதிவு செய்யும் கருவி ஒன்றை அவர் தம் செய்முறைத் திட்டமாக எடுத்துக்கொண்டிருந்தார். வெப்பநிலையை உணர ஒரு தெர்மிஸ்டர். அதன் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற ஒரு நுண்கட்டுப்படுத்திப் பலகை. அந்த எண்களை வாங்கி வரைபடம் போட ஒரு கணிப்பொறி. நியூட்டனின் குளிர்வு விதியைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் பலகை கணிப்பொறியோடு பேச மறுத்தது. முதல் போர்டு வாயே திறக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பேசியது, ஆனால் ஜுரத்தில் பிதற்றுபவரைப் போல ஏதேதோ குறிகளைக் கொட்டியது.

வாய்மொழித் தேர்வுக்கு எட்டு நாட்களே இருந்தன. இரண்டாவது, மூன்றாவது போர்டுகளை விடுதி உணவுக் கட்டணத்துக்காக வீட்டிலிருந்து வந்த பணத்தில் வாங்கியிருக்கிறார் என்பது பேச்சோடு பேச்சாகத் தெரியவந்தது. “தலைப்பை மாத்திக் குடுத்துடுங்க சார், கூட்டு ஊசலே பண்ணிடறேன்” என்றார்.

“நாளைக்குக் காலையில மூணையும் எடுத்துக்கிட்டு வாங்க தம்பி. அதுவரைக்கும் எதையும் தூக்கிப் போடாதீங்க” என்று அனுப்பி வைத்தேன்.

மறுநாள் பகல் இரண்டு மணிக்குள் ஒன்று தெளிவாயிற்று. மூன்று போர்டுகளில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. அவை பேசாததற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருந்தன. அவற்றைக் கண்டுபிடித்த வழியை இங்கே சொல்கிறேன். இத்தகைய பலகைகள் இன்று பள்ளிக்கூடக் கண்காட்சிவரை வந்துவிட்டன. எத்தனை நல்ல போர்டுகள் இப்படிக் குப்பைக்குப் போகின்றனவோ!

ஒரு கம்பி, பத்துத் தட்டு

முதலில் போர்டும் கணிப்பொறியும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பார்ப்போம். ஓர் எழுத்து என்பது கணிப்பொறிக்கு எட்டு பிட்டுகள். அதாவது, ஒன்று அல்லது சுழி என்ற எட்டு விடைகளின் வரிசை. எட்டையும் ஒரே சமயத்தில் அனுப்ப எட்டுக் கம்பிகள் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் ஒரே கம்பி போதும். இதைத்தான் தொடர்முறைத் தொடர்பு என்கிறோம்.

இந்த யோசனை கணிப்பொறியைவிட மூத்தது. பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போடோ 1874இல் எழுத்துகளை ஐந்தைந்து மின்துடிப்புகளாக அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் தொடர்பு வேகத்தைக் குறிக்கும் ‘பாட்’ என்ற அலகு அவர் பெயரிலிருந்து வந்தது. பின்னர் டெலிபிரிண்டர் வந்தது. சென்னை கிண்டியில் 1960இல் அதற்கென்றே ஒரு பொதுத்துறை ஆலையும் தோன்றியது. தந்திச் சேவை 2013 ஜூலையில் நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் டெலிபிரிண்டர் பேசிய முறை மட்டும் சாகவில்லை. மாணவரின் டப்பாவில் கிடந்த போர்டுகளுக்குள் அதுதான் உயிரோடு இருந்தது.

அந்த முறையின் நுட்பம் ஒரு சிக்கலைத் தீர்ப்பதில் இருக்கிறது. ஒரு பிட் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? நேரத்தைச் சொல்லத் தனிக் கம்பி ஏதும் இல்லை. அனுப்புபவரிடம் ஒரு கடிகாரம். கேட்பவரிடம் வேறொரு கடிகாரம். இரண்டு அறைகளில் உட்கார்ந்து இருவர் தனித்தனியே தாளம் போடுவதைப் போன்றது இது. தாளத்தின் வேகத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள். எப்போது தொடங்குவது என்பதற்கு மட்டும் ஓர் அடையாளம் வேண்டும்.

சும்மா இருக்கும்போது கம்பி உயர் மின்னழுத்தத்தில் நிற்கிறது. பலகைக்கு ஏற்ப 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட். எழுத்து வரப்போகிறது என்றால் கம்பி திடீரெனச் சுழி வோல்ட்டுக்கு இறங்குகிறது. இதுவே தொடக்க பிட். அந்த இறக்கத்தைக் கண்டதும் கேட்பவர் தம் தாளத்தைத் தொடங்குகிறார். அடுத்து எட்டு பிட்டுகள், சிறிய மதிப்புடையது முதலில் வருமாறு. கடைசியில் கம்பி மீண்டும் உயர்ந்து ஒரு பிட் நேரம் நிற்கிறது. இது நிறுத்த பிட். ஆக ஓர் எழுத்துக்குப் பத்துத் தட்டு. 9600 பாட் வேகத்தில் ஒரு தட்டுக்குச் சுமார் 104 மைக்ரோ விநாடி. விநாடிக்கு அதிகபட்சம் 960 எழுத்துகள். அடுத்த எழுத்துக்கு மறுபடியும் தொடக்க பிட் வந்து தாளத்தைப் புதிதாகத் தொடங்கி வைக்கிறது. எனவே கடிகாரங்கள் பத்துத் தட்டு வரைக்கும் ஒத்துப்போனால் போதும். இது சிக்கனமான ஏற்பாடு. தொல்லையும் இதிலிருந்தே வருகிறது.

ஊமையா, கம்பியா?

இனி ஆய்வுக்கூடத்துக்கு வருவோம்.

முதல் போர்டைச் சிறிய யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்றின் வழியாகக் கணிப்பொறியில் இணைத்தோம். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் கணிப்பொறியின் தொடர்முனைப் பட்டியலில் புதிதாக எதுவும் தோன்றவில்லை. இங்கே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: கணிப்பொறிக்கு அடாப்டரே தெரியவில்லை என்றால், அதற்கு அப்பால் இருக்கும் போர்டைச் சந்தேகிப்பானேன்? மாணவர் கொண்டுவந்த கேபிளை எடுத்து வைத்துவிட்டு வேறொன்றைப் போட்டேன். பட்டியலில் முனை தோன்றிவிட்டது.

வழக்கமான யு.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு: 5 வோல்ட்டுக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, செய்திக்கு இரண்டு. மலிவான மின்னேற்றக் கேபிள்கள் சிலவற்றில் செய்திக் கம்பிகள் இரண்டும் இருப்பதே இல்லை. விளக்கு எரியும், கைப்பேசி சார்ஜ் ஆகும், ஒரு சொல்லும் போகாது. வெளியே பார்த்தால் இரண்டு கேபிள்களுக்கும் வேறுபாடு தெரியாது. விளக்கு எரிவதைக் கண்டு மாணவர் கேபிளை நம்பிவிட்டார். பேச்சில்லாததைக் கண்டு போர்டைக் கைவிட்டார். ஒருமுறை செத்தது என்று முடிவு கட்டிய பொருளை நாம் யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. இரண்டாவது போர்டு வாங்கியபோது நண்பரின் நல்ல கேபிள் கிடைத்திருக்கிறது. அப்போதாவது பழைய போர்டை மறுபடி மாட்டியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

முனை பட்டியலில் தோன்றாததற்கு வேறு காரணங்களும் உண்டு. அடாப்டரில் இருக்கும் சில்லுக்கு உரிய இயக்கு நிரல் கணிப்பொறியில் இல்லாதிருக்கலாம். மலிவுப் பலகைகளில் பரவலாக இருக்கும் ‘சி.எச்.340’ என்ற சில்லுக்குப் பழைய கணிப்பொறிகளில் அதைத் தனியாகப் பதிக்க வேண்டியிருக்கும். முனை தோன்றியும் திறக்க முடியவில்லை என்றால், பெரும்பாலும் மற்றொரு நிரல் அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். ஒரு தொடர்முனையை ஒரு நேரத்தில் ஒரு நிரல் ஆள்வதே வழக்கம். லினக்ஸ் கணிப்பொறியானால் அந்த முனையைத் தொட உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பல லினக்ஸ் வகைகளில் ‘டயல்அவுட்’ என்ற பயனர் குழுவில் பெயரைச் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால் தீர்ந்துவிடும்.

சரி, அடாப்டர் நன்றாக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? போர்டை முற்றிலும் கழற்றிவிடுங்கள். அடாப்டரின் ‘டி.எக்ஸ்’ முனையையும் ‘ஆர்.எக்ஸ்’ முனையையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். இப்போது கணிப்பொறியில் தொடர்முனைச் சாளரத்தைத் திறந்து எதையாவது அடித்து அனுப்பினால், அனுப்பியது அப்படியே திரும்பி வர வேண்டும். தன் வாயைத் தன் காதோடு சேர்ப்பது போன்ற சோதனை. எதிரொலி வந்தால் கணிப்பொறி, இயக்கு நிரல், கேபிள், அடாப்டர் எல்லாம் நலம், கோளாறு அப்பால்தான். வராவிட்டால் போர்டின் மேல் பழி இல்லை. அரை நிமிடச் சோதனை. பழுதுபார்ப்பதில் இதைவிட லாபகரமான அரை நிமிடம் எனக்குத் தெரியாது. (ஒன்று சொல்ல வேண்டும்: இருபுறமும் ஒரே கடிகாரம் என்பதால் வேகத்தைத் தவறாக வைத்திருந்தாலும் எதிரொலி சரியாகவே வரும். வேகப் பிழையை இது காட்டாது.)

எங்கள் அடாப்டர் எதிரொலித்தது. புதிய கேபிளோடு முதல் போர்டை முறையாக இணைத்ததும் வெப்பநிலை எண்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. மாணவர் சிரிக்கவில்லை. போன பணத்தை நினைத்திருப்பார்.

வாயும் வாயும்

இரண்டாவது போர்டை அவர் வீட்டில் இணைத்திருந்தபடியே இணைக்கச் சொன்னேன். டி.எக்ஸ் முனையை டி.எக்ஸ் முனையோடும், ஆர்.எக்ஸ் முனையை ஆர்.எக்ஸ் முனையோடும் சேர்த்தார். ஒரே பெயர் உள்ளவற்றைச் சேர்ப்பதுதானே நியாயம்? 5 வோல்ட்டை 5 வோல்ட்டோடு, தரையைத் தரையோடு சேர்த்தவரிடம் இங்கே மட்டும் மாற்றிச் சேர் என்றால் எப்படித் தோன்றும்! ஆனால் டி.எக்ஸ் என்பது அனுப்பும் வாய், ஆர்.எக்ஸ் என்பது கேட்கும் காது. இவருடைய வாய் அவருடைய காதுக்குப் போக வேண்டும். வாயோடு வாயைச் சேர்த்தால் இரண்டு பக்கமும் பேசும், எவருக்கும் எதுவும் கேட்காது. சில பலகைகளில் முனைப் பெயர்களை எதிர்த்தரப்பை நினைத்து அச்சிட்டுவிடுகிறார்கள் என்பது கூடுதல் குழப்பம். பெயரை நம்பாமல் மல்ட்டிமீட்டரை நம்பலாம். பலகைக்கு மின்சாரம் கொடுத்து, வேறெதையும் இணைக்காமல், தரைக்கும் அந்த முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். நிரல் தொடர்முறைத் தொடர்பைத் தொடங்கியிருந்தால் அனுப்பும் முனை சும்மா இருக்கும்போதும் முழு 5 அல்லது 3.3 வோல்ட் காட்டி உறுதியாக நிற்கும்.

தரைக் கம்பியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். “செய்தி போகிற கம்பி இரண்டுதானே, மூன்றாவது எதற்கு?” என்று கேட்காத வகுப்பே இல்லை. மின்னழுத்தம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு என்பதைப் பள்ளியிலேயே படிக்கிறோம். கம்பியைக் கையில் எடுத்தவுடன் மறந்துவிடுகிறோம். பாட்டரியில் ஓடும் ஒரு போர்டு ‘5 வோல்ட்’ என்று சொல்கிறது. எதைப் பொறுத்து? தன் தரையைப் பொறுத்து. அந்தத் தரை எது என்று கேட்பவருக்குத் தெரியாவிட்டால் 5 வோல்ட்டுக்குப் பொருளே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், தரைக் கம்பி இல்லாமலே சில நேரங்களில் எழுத்துகள் வந்துவிடும். கசிவு வழியாகவோ, இரு கருவிகளையும் சேர்க்கும் வேறு ஏதாவது இணைப்பு வழியாகவோ சுற்று எப்படியோ முடிந்துவிடுகிறது. ஒரு நாள் வேலை செய்து மறுநாள் செய்யாத இணைப்பைக் கண்டால் நான் முதலில் தரைக் கம்பியைத்தான் தேடுவேன்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. போர்டுக்கு மின்சாரமே கொடுக்கவில்லை. ஆனால் அதன் விளக்கு மங்கலாக எரிகிறது! அடாப்டரின் டி.எக்ஸ் முனை சும்மா இருக்கும்போது உயர் மின்னழுத்தத்தில் நிற்கிறது என்றோமே, அந்த மின்னழுத்தம் போர்டின் ஆர்.எக்ஸ் முனைக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக உள்ளே புகுந்து சில்லுக்கு அரை உயிர் கொடுக்கிறது. இந்த நிலையில் போர்டு எதைச் செய்யும் என்று சொல்ல முடியாது.

மின்னழுத்தத்தின் அளவிலும் கவனம் வேண்டும். ‘ஈ.எஸ்.பி.32’ போன்ற சில்லுகள் 3.3 வோல்ட்டில் வேலை செய்பவை. அவற்றின் காதில் 5 வோல்ட்டைக் கொடுக்கக் கூடாது. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடரில் வைத்து, 2 கிலோ ஓமின் குறுக்கே எடுத்தால் 5 வோல்ட் 3.3 வோல்ட்டாகக் குறைந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து பழைய கருவிகளிடம் இருக்கிறது. 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ‘ஆர்.எஸ்.232’ என்ற நெறியில் உயர்வு தாழ்வு இரண்டும் சுழி வோல்ட்டுக்கு இருபுறமும் இருக்கின்றன: ஒன்று என்பதற்கு எதிர் மின்னழுத்தம், சுழி என்பதற்கு நேர் மின்னழுத்தம், 5 முதல் 15 வோல்ட் வரை. கணிப்பொறிகளின் பின்புறம் முன்பெல்லாம் இருந்த ஒன்பது ஊசி முனை இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பழைய மின்னணுத் தராசு ஒன்றின் ஒன்பது ஊசி முனையை நேராக ஒரு 5 வோல்ட் போர்டில் இணைத்தவன் நான்தான். சும்மா இருக்கும்போதே கழித்தல் பத்து வோல்ட் அளவுக்கு அந்தக் கம்பியில் நின்றிருக்கிறது. முதலில் அளந்து பார்த்திருந்தால் மீட்டர் கழித்தல் குறி காட்டி எச்சரித்திருக்கும். அந்தப் போர்டின் மற்ற முனைகள் இன்றும் வேலை செய்கின்றன. காது மட்டும் நிரந்தரமாகச் செவிடு. இடையில் ‘மேக்ஸ்232’ வகைச் சில்லு ஒன்றை வைத்திருக்க வேண்டும். அது 5 வோல்ட்டிலிருந்தே மின்தேக்கிகளின் துணையால் நேர், எதிர் மின்னழுத்தங்களை உண்டாக்கி இரு தரப்புக்கும் மொழிபெயர்க்கிறது.

மாணவரின் இரண்டாவது போர்டுக்கு அப்படி எந்தக் கேடும் வரவில்லை. கம்பிகளை மாற்றிக் குறுக்காக இணைத்தோம். பேசியது.

ஓர் எழுத்து இரண்டானது

மூன்றாவதுதான் எங்களை உட்கார வைத்தது. கேபிள் சரி, கம்பிகள் சரி, தரை சரி. நிரலும் தடையின்றிப் போர்டுக்குள் ஏறியது. ஆனால் திரையில் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகக் குப்பை.

குப்பையைக் கண்டால் மகிழ வேண்டும் என்பது என் கட்சி. மௌனத்துக்கு நூறு காரணம் இருக்கலாம். பிதற்றலுக்குக் காரணங்கள் சிலவே. துடிப்புகள் வருகின்றன, எனவே பாதை இருக்கிறது. தாளம்தான் ஒத்துப்போகவில்லை. போர்டின் நிரலில் 9600 என்று இருந்தது, கணிப்பொறியிலும் 9600தான். இரண்டும் ஒன்றாக இருக்கும்போது தாளம் ஏன் பிசக வேண்டும்?

வெப்பநிலை எண்களை நிறுத்திவிட்டு, விநாடிக்கொரு முறை ஆங்கில எழுத்தான ‘ஏ’ ஒன்றை மட்டும் அனுப்பும்படி நிரலை மாற்றச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு குறிகள் வந்தன. அவற்றின் எண் மதிப்பு 6, 254. மறுபடியும் 6, 254. ஒழுங்கான குப்பை!

காகிதத்தை எடுத்துக்கொண்டோம். ‘ஏ’ எழுத்தின் எண் 65. இரும எண்ணில் 01000001. தொடக்க பிட்டையும் நிறுத்த பிட்டையும் சேர்த்துச் சிறிய மதிப்பிலிருந்து எழுதினால் கம்பியில் 0, 1, 0, 0, 0, 0, 0, 1, 0, 1 என்று போகும். அனுப்புபவர் பாதி வேகத்தில், அதாவது 4800இல் அனுப்புகிறார் என்று கொள்வோம். 9600இல் கேட்பவருக்கு ஒவ்வொரு பிட்டும் இரண்டு தட்டு நீளம். அவர் கேட்பது 00, 11, 00, 00, 00, 00, 00, 11, 00, 11. முதல் சுழியைத் தொடக்க பிட் என்று எடுத்துக்கொண்டு அடுத்த எட்டை எண்ணுகிறார்: 0, 1, 1, 0, 0, 0, 0, 0. இரண்டும் நான்கும் சேர்ந்து 6! நிறுத்த பிட் இருக்க வேண்டிய இடத்தில் சுழி இருக்கிறது. அது ஒரு பிழை, ஆனாலும் எண்ணை வெளியே தந்துவிடுகிறார். அடுத்து, கம்பி உயர்ந்து மறுபடி இறங்கும்போது புதிய எழுத்து தொடங்கிவிட்டதாக நினைக்கிறார். அங்கிருந்து எண்ணினால் 0, 1, 1, பிறகு கம்பி சும்மா நிற்பதால் எல்லாம் 1. மதிப்பு 254. விடை எழுத்துக்கு எழுத்து பொருந்திவிட்டது. மாணவர் காகிதத்தைக் கையில் வாங்கி மறுபடி ஒருமுறை தாமே போட்டுப் பார்த்தார்.

இதிலிருந்து பொதுவான ஒரு குறிப்பும் கிடைக்கிறது. அனுப்பியதைவிட அதிகமாக எழுத்துகள் வந்தால், கேட்பவர் வேகமாக எண்ணுகிறார். குறைவாக வந்தால் மெதுவாக எண்ணுகிறார்.

ஆனால் 9600 என்று நிரலில் எழுதியிருக்க, போர்டு 4800இல் பேசுவானேன்? போர்டில் ஒரு விளக்கு இருந்தது. அதை ஒரு விநாடி எரித்து ஒரு விநாடி அணைக்கும் நிரலை ஏற்றினோம். ஊசல் சோதனைக்கு வைத்திருக்கும் நிறுத்துக் கடிகாரத்தை எடுத்து, அலைவுகளை எண்ணுவது போலவே பத்து முறை எண்ணினோம். 20 விநாடி ஆக வேண்டும். 40 விநாடி ஆயிற்று.

இப்போது போர்டைப் புரட்டிப் பார்த்தோம். இந்த வகைப் போர்டு இரண்டு விதமாக விற்கிறது: 5 வோல்ட், 16 மெகா ஹெர்ட்ஸ், 3.3 வோல்ட், 8 மெகா ஹெர்ட்ஸ். உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள். முதல் இரண்டும் 16. மூன்றாவது 8. கடைக்காரர் கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார். கணிப்பொறியில் போர்டு வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் முதல் போர்டுக்குப் போட்ட 16 அப்படியே இருந்தது. ‘உன் கடிகாரம் விநாடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் தடவை துடிக்கிறது’ என்று நம்பி எழுதப்பட்ட நிரல், அதில் பாதியே துடிக்கும் கடிகாரத்தின் மேல் ஓடியது. விளக்கும் பாதி வேகம், பேச்சும் பாதி வேகம். நிரல் ஏறும்போது மட்டும் தடை இல்லாதது ஏன்? ஏற்றும் வேலையைச் செய்யும் சிறு நிரல் தொழிற்சாலையிலேயே அந்தந்தப் போர்டின் உண்மையான கடிகாரத்துக்கு ஏற்பப் பதிக்கப்பட்டிருக்கும். ஏற்றும் வேகமும் இரு வகைக்கும் ஒன்றே. தேர்வை 8 என்று மாற்றி நிரலை மறுபடி ஏற்றினோம். குப்பை எண்ணாயிற்று.

கடிகாரம் எவ்வளவு பிசகலாம்?

இரண்டு மடங்கு பிசகினால் குப்பை. நூற்றில் ஒன்று பிசகினால்? கேட்பவர் ஒவ்வொரு பிட்டையும் அதன் நடுவில் தொட்டுப் பார்க்கிறார். தொடக்க இறக்கத்திலிருந்து நிறுத்த பிட்டின் நடு ஒன்பதரைத் தட்டு தொலைவில் இருக்கிறது. அங்கே போகும்போது அரைத் தட்டுக்கு மேல் தவறிவிட்டால் பக்கத்துப் பிட்டைத் தொட்டுவிடுவார். 0.5ஐ 9.5ஆல் வகுத்தால் சுமார் 5 சதவீதம். இது இருவர் பிழையும் சேர்ந்த எல்லை. விளிம்புகளில் வேறு இழப்புகளும் உண்டு. எனவே ஒவ்வொருவரும் 2 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது.

குவார்ட்ஸ் படிகம் இதற்கு வேண்டியதைவிடப் பல நூறு மடங்கு துல்லியம். ஆனால் படிகம் இல்லாமல் உள்ளேயே இருக்கும் மின்தடை-மின்தேக்கி அலையியற்றியில் ஓடும் சில்லுகளும் உண்டு. ஆர்டுயினோ வழி புகழ்பெற்ற ‘ஏ.டி.மெகா328’ சில்லின் உள் அலையியற்றிக்குத் தொழிற்சாலை தரும் உறுதி 10 சதவீதத்துக்குள் என்பதே. வெப்பநிலையும் அதை அசைக்கும். காலையில் பேசி உச்சிவெயிலில் பிதற்றும் போர்டு இந்த வகையாக இருக்கலாம்.

படிகம் இருந்தும் பிசகுவதுண்டு. சில்லு தன் கடிகாரத்தை ஒரு முழு எண்ணால் வகுத்துத்தான் பாட் வேகத்தைப் பெறுகிறது. 16 மெகா ஹெர்ட்ஸை முதலில் 16ஆலும் பிறகு 104ஆலும் வகுத்தால் 9615. 9600க்கு வெகு அருகில். அதே முறையில் 115200 வேண்டுமானால் 8.68ஆல் வகுக்க வேண்டும். 8.68 முழு எண் அல்லவே! 9ஆல் வகுத்தால் 111111. பிழை மூன்றரை சதவீதம். முதல் வகுப்பை 8ஆகக் குறைத்து அடுத்ததை 17 என்று வைத்தால் 117647. பிழை 2 சதவீதம், தப்பிப் பிழைக்கும். 8 மெகா ஹெர்ட்ஸ் போர்டுக்கு அந்த வசதியும் இல்லை, கிடைப்பது 111111தான். அதில் 115200 வேகத்தை நம்ப வேண்டாம்.

‘ஈ.எஸ்.பி.8266’ என்ற சில்லு மின்சாரம் வந்ததும் 74880 என்ற விசித்திரமான வேகத்தில் சில வரிகளைச் சொல்கிறது. இதை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று வியந்திருக்கிறேன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. உள்ளிருக்கும் நிரல் 40 மெகா ஹெர்ட்ஸ் படிகத்தை எதிர்பார்த்து 115200க்குக் கணக்கிடுகிறது. பலகையில் பொருத்தியிருப்பதோ 26. 115200ஐ 26ஆல் பெருக்கி 40ஆல் வகுத்துப் பாருங்கள். நம் மாணவரின் மூன்றாவது போர்டுக்கு நேர்ந்த அதே கதை.

அலைமாலைகாட்டி இல்லாத இடத்தில் வேகத்தை அளக்க ஒரு வழி உண்டு. ஆங்கில ‘யு’ என்ற பெரிய எழுத்தின் இரும எண் 01010101. தொடக்க, நிறுத்த பிட்டுகளோடு சேர்ந்தால் கம்பியில் 0, 1, 0, 1 என்று மாறி மாறி அப்பழுக்கற்ற சதுர அலை கிடைக்கிறது. இதை இடைவெளியின்றி அனுப்பிக்கொண்டே இருந்தால், அதிர்வெண் அளக்கும் மல்ட்டிமீட்டர் பாட் வேகத்தில் சரியாகப் பாதியைக் காட்டும்: 9600க்கு 4800 ஹெர்ட்ஸ். வோல்ட் அளவையில் வைத்தால் 5க்குப் பதில் ஏறக்குறைய இரண்டரை. ஒரு கிலோ ஓம் மின்தடையைத் தொடரில் வைத்து மலிவான காதொலிப்பானில் கேட்கவும் செய்யலாம். 1200 பாட்டுக்கு வரும் 600 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுருதிப் பழக்கம் உள்ள மாணவர் எவரும் இனம் கண்டுகொள்வார்.

சிறு விஷயங்கள் இரண்டு

எல்லாம் சரியாக இருந்தும் கட்டளைக்குப் பதில் வரவில்லையா? வரி முடிவைப் பாருங்கள். டெலிபிரிண்டர் காலத்தில் அச்சுத் தலையை இடப்பக்கம் கொண்டுவர ஒரு குறி (எண் 13), காகிதத்தை ஒரு வரி நகர்த்த ஒரு குறி (எண் 10). சில கருவிகள் இன்றும் 13 வரும்வரை வாய் திறவாமல் காத்திருக்கும். கைப்பேசி வலையமைப்பில் பேசும் மோடம் பலகைகள் இதில் கண்டிப்பானவை.

ஆர்டுயினோ யூனோவைப் பயன்படுத்துவோர் இன்னொன்றை நினைவில் கொள்க. அதன் 0, 1 எண்ணுள்ள முனைகள் யு.எஸ்.பி. வழித் தொடர்புக்கும் அவையேதான். இடையில் இருப்பது 1 கிலோ ஓம் மின்தடை. 0 முனையில் வேறொரு கருவி வலுவாக மின்னழுத்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், மின்தடைக்கு அப்பாலிருந்து வரும் கணிப்பொறியின் குரல் தோற்றுப்போகும், நிரல் ஏறாது. கருவியைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். கணிப்பொறியில் தொடர்முனைச் சாளரத்தைத் திறந்தவுடன் யூனோ புதிதாகத் தொடங்கிவிடுவதும் பழுதல்ல. சாளரம் திறக்கும்போது ஒரு கட்டுப்பாட்டுக் கம்பி இறங்கி, சிறு மின்தேக்கி வழியாகப் போர்டை மறுதொடக்கம் செய்கிறது. நிரல் தானாக ஏறுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. மணிக்கணக்காகப் பதிவு எடுக்கும்போது நடுவில் எட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

மாணவரின் தலைப்பு மாறவில்லை. மூன்று போர்டுகள் இருக்கின்றனவே என்று வேலையைக் கொஞ்சம் விரித்துக்கொண்டோம். அடாப்டர்கள் இரண்டை ஆய்வுக்கூடத்திலிருந்து கொடுத்தேன். கரி பூசிய கலோரிமீட்டர் ஒன்று, பளபளப்பாகத் துலக்கியது ஒன்று, கண்ணாடி முகவை ஒன்று. மூன்றிலும் ஒரே அளவு வெந்நீர். தேர்வன்று மூன்று வளைகோடுகளும் திரையில் வெவ்வேறு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தன. வெளித்தேர்வாளர் தராசின் கதையைக் கேட்டுவிட்டு, தம் கல்லூரியிலும் அப்படி ஒரு செவிட்டுப் போர்டு இருப்பதாகச் சொன்னார்.

அந்த மின்னேற்றக் கேபிளை மாணவர் என்னிடமே விட்டுச் சென்றுவிட்டார். அதில் சிவப்பு நூல் கட்டி அலமாரி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.